நிலாவில் பூண்டு விளையுமா?

வாசகர்களே, உங்களில் எத்தனை பேர் பள்ளங்கிக்குப் போயிருக்கிறீர்கள்?

கொடைக்கானலுக்குப் போயிருப்பீர்கள். ஏரியைச் சுற்றி வந்திருப்பீர்கள். குதிரைமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அதோ பழனி தெரிகிறதா என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்திருப்பீர்கள். ஆனால் வில்பட்டிப் பக்கம் வண்டியைத் திருப்பிப் பள்ளங்கி வரை போனவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், மலைச் சரிவு இருக்கிறது. சரிவெல்லாம் படிப்படியாகக் கல் அடுக்கிக் கட்டிய பாத்திகள் இருக்கின்றன. பாத்திகளில் பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகவே போகலாம்.

சென்ற தை மாதம் ஒரு காரியமாக அந்தப் பக்கம் போயிருந்தேன். மாலை ஐந்தரை மணிக்கே குளிர் காதைப் பிடித்துத் திருக ஆரம்பித்துவிட்டது. ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். பக்கத்தில் ஒரு பெரியவர். தலையில் கம்பளித் தொப்பி, தோளில் ஒரு கூடை. கூடைக்குள் காய்கறி இருக்கும் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் வெறும் மண்!

"என்னங்க ஐயா, மண்ணைச் சுமந்துகொண்டு போகிறீர்களே?" என்றேன்.

"போன ஐப்பசி மழையில கல்லுக்கட்டு சரிஞ்சு, மேட்டு மண்ணு பூராம் கீழ எறங்கிருச்சு, தம்பி. கட்டைத் திருப்பிக் கட்டிப்புட்டேன். மண்ணை யாரு கொண்டாந்து குடுப்பா? நாமதான் அள்ளிக்கிட்டு ஏறணும்" என்றார். தினமும் காலையில் பத்துக் கூடை, சாயங்காலம் பத்துக் கூடையாம். வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவர் பேத்தி ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாளாம். தொடர்கதையை வாராவாரம் தாத்தாவுக்குப் படித்துக் காட்டுகிறவள் அவள்தானாம். அவள்தான் சந்திரனில் நம்முடைய வண்டி இறங்கி மண்ணைச் சோதித்த கதையையும் சொல்லியிருக்கிறாள். இதற்குள் கிழக்கே மலைக்கு மேல் பௌர்ணமிச் சந்திரன் எழுந்துவிட்டது. பெரியவர் அதைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அங்கயும் மண்ணுதான் கெடக்குதாம்ல? அதுல பூண்டு வெளையுமா, தம்பி?"

சிரித்து மழுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏதோ பாதி பதில் சொன்னேன். மீதியை எழுதி அனுப்புகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கைத்தான் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் நிறைவேற்றப் போகிறேன். நீங்களும் கூடவே வாருங்கள்.

காலடியில் ஒரு கல்

சந்திரனுக்குப் போகுமுன் பள்ளங்கியிலேயே ஒரு கல்லைப் பார்த்துவிடுவோம். பெரியவர் அடுக்கிய கட்டிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உடைத்த முகம் கறுத்து, கொஞ்சம் பச்சையும் நீலமும் கலந்து, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும். பழனி மலைத் தொடரில் பெரும்பகுதி இந்த இனப் பாறைதான். இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர்.

பெயரின் கதை வேடிக்கையானது. கல்கத்தா நகரத்துக்கு வித்திட்டவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக் 1690களில் காலமானார். அவர் சமாதியில் வைத்த கல் நம் சென்னைப் பக்கத்துக் கல். தாமஸ் ஹாலண்ட் என்ற நிபுணர் 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்து, சமாதிக்குள் இருந்தவர் பெயரையே கல்லுக்குச் சூட்டிவிட்டார். பரங்கிமலையும் பல்லாவரமும் அதே இனக் கல்தான். ஊர் நம்முடையது, கல்லும் நம்முடையது, பெயர் மட்டும் சார்னக்குடையது!

அது போகட்டும். முக்கியமான விஷயம் வேறு. இந்தக் கல் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், எண்ணூறு டிகிரி போன்ற பெரும் சூட்டில்தான் இப்படி இறுக முடியும். இந்தப் பக்கத்துப் பாறைகள் அப்படிக் கடைசியாக வெந்து இறுகியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அவ்வளவு ஆழத்தில் பிறந்த கல், இன்று கடல் மட்டத்துக்கு மேல் 7,000 அடி உயரத்தில் வெயில் காய்கிறது. எப்படி வந்தது?

பூமி அதை மெல்ல மெல்ல மேலே தூக்கியது. மேலே மூடியிருந்த இருபது கிலோமீட்டர் கனப் பாறையையும் மழையும் காற்றும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கொண்டு போய்க் கடலில் சேர்த்துவிட்டன. நாம் இன்று மலை என்று வியக்கிறோமே, அது போனது போக மிஞ்சியது.

ஆகவே பூமியின் சுபாவம் என்னவென்றால், அது ஓயாமல் கட்டும், ஓயாமல் இடிக்கும். பழைய எழுத்தை அழித்து அழித்து எழுதும் சிலேட்டுப் பலகை அது. பூமிக்கு வயது சுமார் 450 கோடி ஆண்டு. ஆனால் அந்த முதல் நாட்களின் பாறை ஒரு துண்டுகூட இங்கே முழுதாகத் தேறவில்லை. மிகப் பழைய பாறை என்று கனடாவில் கண்டெடுத்திருப்பதற்கே சுமார் 400 கோடி ஆண்டுதான்.

முதல் பக்கம் கிழிந்துபோன புத்தகம் நம்முடையது. அந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்? அதோ, மலைக்கு மேல் ஏறுகிறதே, அங்கே!

குழம்பில் மிதந்த கல்

சந்திரனைப் பார்க்கும்போது நமக்கெல்லாம் சின்ன வயதில் என்ன சொல்லித் தந்தார்கள்? பாட்டி உட்கார்ந்து வடை சுடுகிறாள் என்று. சில வீடுகளில் பாட்டி இல்லை, முயல். பாட்டியோ முயலோ, கறுப்பாகத் தெரியும் இடம் ஒரு கல்; வெள்ளையாகப் பளபளக்கும் இடம் வேறு ஒரு கல். இது தெரிந்துவிட்டால் சந்திரனின் சரித்திரத்தில் பாதி தெரிந்த மாதிரி.

சூரிய மண்டலத்தின் இளமைக் காலத்தில், செவ்வாய் அளவுள்ள ஒரு கோளம் பூமிமேல் வந்து மோதியது என்றும், சிதறிய பொருள் ஒன்றுகூடிச் சந்திரனாயிற்று என்றும் விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அந்தச் சூட்டில் புதிதாகப் பிறந்த சந்திரன், மேலெல்லாம் உருகிய பாறைக் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

குழம்பு என்றால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுப்பை அணைத்துவிட்டால் என்ன ஆகிறது? கனமானது அடியில் தங்குகிறது, லேசானது மேலே மிதக்கிறது. அதேதான் அங்கேயும் நடந்தது. இரும்பும் மக்னீசியமும் சேர்ந்த கனமான படிகங்கள் மூழ்கின. சுண்ணாம்புச் சத்தும் அலுமினியமும் சேர்ந்த லேசான வெள்ளைப் படிகங்கள் மிதந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மேல் ஓடாக உறைந்தன. அந்த வெள்ளைக் கல்லுக்கு அனார்த்தசைட் என்று பெயர். பௌர்ணமி அன்று உங்கள் மொட்டை மாடியில் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதி, அந்தக் கல்லில் பட்டுத் திரும்பி வருகிற சூரிய ஒளிதான்.

பிறகு விண்கற்கள் வந்து மோதி, ஓட்டில் பெரும் பள்ளங்களைத் தோண்டின. உள்ளேயிருந்த குழம்பு அந்தப் பள்ளங்களில் கசிந்து நிரம்பிக் கறுப்பாக உறைந்தது. அதுதான் வடை சுடும் பாட்டி! அந்தக் கறுப்புக் கல்லுக்குப் பசால்ட் என்று பெயர். பம்பாயிலிருந்து பூனா போகும் வழியெல்லாம் இருக்கும் கறுப்பு மலைகளும், அஜந்தா, எல்லோராவில் குடைந்த பாறையும் இதே குடும்பம்தான்.

1969இல் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் கொண்டுவந்த மண்ணில் வெள்ளைக் கல் பொடிகள் சில கிடந்தன. அந்தச் சில பொடிகளை வைத்துக்கொண்டுதான் "சந்திரன் முழுவதும் ஒரு காலத்தில் குழம்புக் கடல்" என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு சோறு பதம் பார்த்த கதைதான். ஆனால் அந்தச் சோற்றை எடுத்ததெல்லாம் சந்திரனின் நடுப் பகுதிப் பக்கமே. தென் துருவப் பக்கம் யாரும் போய்ப் பார்த்ததில்லை.

பார்த்தது நாம்! 2023 ஆகஸ்டு 23ஆம் தேதி சந்திரயான்-3 அங்கே இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதிலிருந்து இறங்கிய பிரக்ஞான் என்ற சிறு வண்டி 103 மீட்டர் தூரம் ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. முடிவு 2024 ஆகஸ்டில் வெளியாயிற்று. அங்கேயும் அதே வெள்ளைக் கல்லின் பொடிதான்! நடுவில் எடுத்தாலும் துருவத்தில் எடுத்தாலும் சோறு ஒரே பதம். குழம்புக் கடல் என்ற கருத்துக்கு நம் வண்டி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது.

இதிலே நம் ஊர்ப் பெருமை ஒன்று உண்டு. சந்திரனில் இறங்கும் யந்திரத்தை இங்கேயே பழக்கிப் பார்க்கச் சந்திரனைப் போன்ற மண் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஒரு கிராமம். அங்கேயும் பக்கத்துக் குன்னமலையிலும் அனார்த்தசைட் பாறை இருக்கிறது. அதுவும் சுண்ணாம்புச் சத்து மிகுந்து, சந்திரனின் கல்லுக்கு நெருங்கிய ஜாடை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் பூகர்ப்ப நிபுணர்களும் துணைநிற்க, அந்தக் கல்லை உடைத்துப் பொடித்து, பெங்களூருக்குக் கொண்டு போய்ச் செயற்கைச் சந்திர மண் தயாரித்தார்கள். சந்திரயான்-2க்கான சோதனைகள் அந்த மண்ணில்தான் நடந்தன. தயாரிக்கும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது. 2019இல் அந்தக் கலம் பத்திரமாக இறங்காதபோது நாடே கண் கலங்கியது. ஆனாலும் அந்த உழைப்பு வீண் போகவில்லை.

இன்னொரு சங்கதி. நான் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி வழியாகத்தான் மலை ஏறினேன். காய்கறிச் சந்தைக்குப் பெயர்போன அந்த ஒட்டன்சத்திரத்துச் சுற்றுவட்டாரத்திலும் அனார்த்தசைட் உண்டு. சித்தம்பூண்டிக் கல் அளவுக்குச் சந்திரனுக்குக் கிட்டத்து உறவில்லை. ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரின் பூண்டு மூட்டை மலையிறங்கிச் சந்தைக்குப் போனால், நிலாவின் பங்காளி வீட்டு வாசலைத் தொட்டுவிட்டு வரும்!

அண்டாவும் டம்ளரும்

சரி, சந்திரன் பழைய பக்கத்தை அழியாமல் வைத்திருக்கிறது. பூமி ஏன் அழித்துவிட்டது? இதற்கும் சமையலறையில் பதில் இருக்கிறது.

கொதிக்கும் வெந்நீரை ஓர் அண்டாவிலும் ஒரு டம்ளரிலும் வையுங்கள். எது முதலில் ஆறும்? டம்ளர். சிறியது சீக்கிரம் ஆறும், பெரியது மெதுவாக ஆறும். கிரகங்களின் ஜாதகத்தில் பாதியை இந்த ஒரு விதி சொல்லிவிடும்.

சந்திரனின் குறுக்களவு சுமார் 3,500 கிலோமீட்டர். அது டம்ளர். பெரும்பகுதி எரிமலைக் குழம்பு 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வடிந்து முடிந்துவிட்டது. சீனாவின் சாங்'அ-5 கலம் 2020இல் கொண்டுவந்த கறுப்புக் கல்லுக்கு வயது 200 கோடி. அதற்குப் பிறகு அடுப்பு ஏறக்குறைய அணைந்த மாதிரிதான். காற்றில்லை, மழையில்லை, விழுந்த பள்ளம் விழுந்தபடி கிடக்கிறது.

புதன் அதைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஆற ஆற, வாடிய கத்தரிக்காய்த் தோல்போல மேலோடு சுருங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்குத்துப் பாறைகள் எழும்பியிருக்கின்றன. புதனில் உள்ள பள்ளங்களுக்குக் கவிஞர்கள், ஓவியர்கள், சங்கீத வித்வான்கள் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். அங்கே சுமார் 100 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்துக்குப் பெயர் தியாகராஜர்! சாட்சாத் நம் திருவையாற்றுத் தியாகையர்தான்.

செவ்வாய் நடுத்தரப் பாத்திரம். குறுக்களவில் பூமிக்குப் பாதி. அங்கே ஒலிம்பஸ் என்ற எரிமலை சுமார் 22 கிலோமீட்டர் உயரம். கொடைக்கானலை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து அடுக்கு அடுக்கினால்தான் அதன் உச்சியைத் தொடலாம். ஏன் அவ்வளவு உயரம்? நம் பூமியின் மேலோடு பல துண்டுகளாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தியாவே ஒரு காலத்தில் தெற்கே இருந்து நகர்ந்து வந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதி இமயத்தை எழுப்பியது. இன்னமும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. செவ்வாயின் ஓடு அப்படி நகரவில்லை. அடியில் ஒரே இடத்தில் அடுப்பு, மேலே நகராத சட்டி. பொங்கிய குழம்பு ஒரே இடத்தில் குவிந்து குவிந்து மலையாயிற்று.

செவ்வாயில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது என்பதற்குச் சாட்சி என்ன தெரியுமா? கூழாங்கல்! 2012இல் கியூரியாசிட்டி என்ற வண்டி அங்கே இறங்கி, ஓடும் நீரில் உருண்டு மழுங்கிய கற்களைக் கண்டது. நம் சண்முக நதியில் பொறுக்கி எடுக்கிற மாதிரிக் கற்கள். ஆனால் நதி எப்போதோ வற்றிப்போய்விட்டது. காற்றுமண்டலம் மெலிந்தது, தண்ணீரில் ஒரு பங்கு விண்வெளியில் கலைந்தது, ஒரு பங்கு உறைந்தது. இப்போது மிச்சம் இருப்பது துருப்பிடித்த செம்மண் புழுதிதான்.

"அப்படியானால் பெரிய பாத்திரமாக இருந்தால் போதுமோ?" என்று கேட்பீர்கள். போதாது. சுக்கிரன் ஏறக்குறைய பூமி அளவே இருக்கிறது; உள்ளே சூடும் இருக்கிறது. 1991இல் எடுத்த ரேடார் படங்களை 2023இல் ஒத்துப் பார்த்தபோது, சில மாதங்களுக்குள் ஓர் எரிமலை வாய் அகன்று உருமாறியிருப்பது தெரிந்தது. ஆனால் தரையில் 460 டிகிரிக்கு மேல் வெப்பம். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடுப்பு எரிகிறது; உலை வைக்கத் தண்ணீரில்லை!

பனிக்கட்டியே பாறையானால்

இந்த அண்டா-டம்ளர் விதியை மீறும் ஒரு போக்கிரியும் உண்டு. வியாழனுக்கு அயோ என்று ஒரு சந்திரன். அளவில் நம் சந்திரனை ஒத்தது. நியாயமாக எப்போதோ ஆறியிருக்க வேண்டும். ஆனால் 1979 மார்ச்சில் வாயேஜர்-1 அனுப்பிய படத்தில், லிண்டா மொராபிட்டோ என்ற பெண்மணி அதன் ஓரத்தில் ஒரு புகைக் குடையைப் பார்த்தார். எரிமலை! இன்று அங்கே நானூறுக்கு மேற்பட்ட எரிமலைகளை எண்ணியிருக்கிறார்கள். காரணம், வியாழனின் பெரும் இழுப்பு. பக்கத்துச் சந்திரன்கள் ஒருபுறம் இழுக்க, வியாழன் மறுபுறம் இழுக்க, அயோ ஓயாமல் பிசையப்படுகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் வளைத்த இடம் சுடுகிறதல்லவா? அதே கதை.

அயோவுக்கு அடுத்த யுரோப்பா, மேலே பனிக்கட்டி ஓடு. அடியில் உப்புக் கடல் இருப்பதற்குப் பலமான அடையாளங்கள் இருக்கின்றன. சனியின் சிறு சந்திரன் என்சலடஸ், தென்புறத்துப் பிளவுகள் வழியாக நீராவியையும் பனித்தூளையும் பீச்சி அடிக்கிறது. 2005இல் காசினி கலம் அதைக் கண்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அசத்துவது சனியின் டைட்டன். 2005 ஜனவரி 14ஆம் தேதி ஹைகன்ஸ் என்ற கலம் அங்கே இறங்கி ஒரு படம் அனுப்பியது. தரையெல்லாம் உருண்டைக் கூழாங்கற்கள்! ஆனால் அவை கல் அல்ல, பனிக்கட்டி. அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 179 டிகிரி. அந்தக் குளிரில் பனிக்கட்டி கருங்கல்லாக இறுகிவிடுகிறது. மழையாகப் பெய்வதும் ஆறாக ஓடுவதும் மீதேன். பொருள் வேறு, விளையாட்டு ஒன்றே. ஏதோ ஒன்று உறைந்து பாறையாக வேண்டும். ஏதோ ஒன்று ஓடி அதை அரிக்க வேண்டும். பள்ளங்கி ஓடையில் நடப்பதுதான் டைட்டனிலும் நடக்கிறது!

மண் வேறு, பொடி வேறு

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

சந்திரனில் கிடப்பதை மண் என்று சொல்வது நம் வாய்ப் பழக்கம். உண்மையில் அது கல் பொடி. விண்கற்கள் இடித்து இடித்துப் பொடித்த தூள். காற்றும் நீரும் உருட்டி மழுக்காததால், ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடிச் சில்லுபோல் கூராக இருக்கும். சந்திரனில் நடந்தவர்களின் உடுப்புகளை அது அரம்போல் அராவியது. நம் சந்திரயான்-3 அந்தப் பொடிக்குள் ஒரு வெப்பமானியைச் செருகிப் பார்த்தது. மேலே 50 டிகிரிக்கு மேல் சூடு. எட்டே சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்குக் கீழே! வேர் விடுவதற்கு எப்பேர்ப்பட்ட இடம், பாருங்கள்.

இருந்தாலும் முயன்று பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தார், அப்பல்லோ பிரயாணங்களில் வந்த சந்திர மண்ணில் 12 கிராம் கேட்டு வாங்கி, கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் விதைகளை ஊன்றினார்கள். தண்ணீரும் சத்துக்களும் தனியே ஊட்டினார்கள். 2022இல் முடிவை வெளியிட்டார்கள். விதை முளைத்தது! இரண்டே நாளில் தலை நீட்டியது. ஆனால் பிறகு வேர் குன்றியது, இலை சிறுத்தது, சில செடிகளில் நிறமும் மாறியது. பூமியின் எரிமலைச் சாம்பலில் ஊன்றிய செடிகள் பக்கத்திலேயே செழித்து நின்றன.

ஆகவே, பெரியவரே, பதில் இதுதான். அங்கே விதை முளைக்கும். விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. கல் பொடிக்கும் மண்ணுக்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடந்ததாக நமக்குத் தெரிந்த உலகம், இத்தனை கிரகங்களிலும் சந்திரன்களிலும், ஒன்றே ஒன்றுதான்.

அது எப்படிக் கடந்தது என்று உங்களுக்கே தெரியும். மார்கழி, தையில் பள்ளங்கிப் பாத்திகளில் உறைபனி வெள்ளைத் துணி விரிக்கிறதே, அப்போது பாறை வெடிப்பில் நின்ற தண்ணீரும் உறைந்து விரிந்து கல்லை நெம்புகிறது. மழைநீர் கல்லைக் கரைக்கிறது. பாசி பற்றுகிறது. வேர் நுழைகிறது. இலை விழுந்து மக்குகிறது. மண்புழு புரட்டுகிறது. இத்தனை பேரும் கூலி வாங்காமல் வேலை செய்து ஓர் அங்குல மண் உண்டாக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்த சார்னோக்கைட், மேலே வந்து, உடைந்து, மக்கி, கடைசியில் பூண்டாகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றதே கொடைக்கானல் மலைப்பூண்டு, அதன் காரத்தில் இந்த நெடுங்கதையும் சேர்ந்திருக்கிறது.

அந்த மண்ணை ஒரே ராத்திரி மழை ஓடையில் சேர்த்துவிடுகிறது. கட்டு இருந்தால் நிற்கும். மேலே மரம் இருந்தால் நிற்கும். கட்டைப் பராமரிக்காமல் விட்டால், சரிவை வெட்டிச் சமன் செய்து கட்டடம் எழுப்பினால், போனது போனதுதான். நம் பேரன் பேத்திகள் காலத்திலும் திரும்பி வராது. சந்திரனில் ஒரு காலடித் தடம் லட்சக்கணக்கான ஆண்டுகள் கலையாமல் இருக்கும். பள்ளங்கியில் ஒரு பாத்தி ஒரு ஐப்பசிக்குக்கூட உத்தரவாதமில்லை. அழிப்பதும் தண்ணீர்தான், ஆனால் அந்தத் தண்ணீர் இல்லையென்றால் அழிவதற்கு மண்ணே இருந்திராது.

அன்று பெரியவரிடம் இதில் கொஞ்சம்தான் சொன்னேன். "விதை முளைக்குமாம், ஐயா. தேறாதாம்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். நிலா வெளிச்சத்தில் அது கறுப்பாக, ஈரமாக இருந்தது. ஒரு மண்புழு நெளிந்தது.

"அப்ப இதை விட்டுறக் கூடாது" என்றார். மண்ணைப் புழுவோடு பத்திரமாகக் கூடையிலேயே போட்டுவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பாத்தியைப் பார்த்து நடந்தார்.

குழந்தாய், இந்த வாரம் தொடர்கதைக்கு முன்னால் இந்தப் பக்கத்தைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டு. நாளைக் காலையில் பத்துக் கூடையில் இரண்டு கூடையையாவது நீ சுமந்து கொடு.